வாப்பா விட்டுச் சென்ற கார்



நமது வீடுகளில் ஒருவர் மௌத்தாகிவிட்டால் அவர் விட்டுச் சென்ற காணி, வீடு, கடை, நகை என்பவற்றைப் பற்றியே எல்லோரும் கதைப்பார்கள். சில வீடுகளில் இவற்றோடு இன்னுமொன்றும் இருக்கும். வீட்டுப் பின்புறத்துத் தகரக் கொட்டிலில் துணி போர்த்தி நிற்கும் ஒரு பழைய கார். ஒஸ்டினாக இருக்கலாம், மொரிஸ் மைனராக இருக்கலாம், ஆமை போன்ற வொக்ஸ்வேகனாக இருக்கலாம். வாப்பா ஆசையாக வைத்திருந்த கார் என்று அதை விற்கவும் மனம் வராது. பராமரிக்கவும் எல்லோராலும் இயலாது. கடைசியில் ஆண் பிள்ளைகளில் ஒருவர் அதை எடுத்துக்கொள்வார். விடுமுறை நாட்களில் கழற்றுவதும் பூட்டுவதும் துடைப்பதும் அவருக்கு ஒரு பொழுதுபோக்காகிவிடும்.

இதைப் பற்றி என்னிடம் மூன்று கேள்விகள் வருவதுண்டு. “ஹஸ்ரத், இவர் லீவு நாள் முழுவதும் காருக்குக் கீழேயே கிடக்கிறார். இது இஸ்ராஃப் ஆகாதா?” என்பது மனைவிமாரின் கேள்வி. “இந்தக் கார்களுக்கு இப்போது நல்ல விலை இருக்கிறதே, ஸகாத் கடமையா?” என்பது கணவன்மாரின் கேள்வி. “அந்தக் காரில் எனக்கும் பங்கு இருந்ததல்லவா?” என்பது சகோதரிமாரின் கேள்வி. இந்த மூன்றாவது கேள்வி மிக அரிதாகவே வாய்திறந்து கேட்கப்படுகிறது. ஆனால் முதலில் பதில் சொல்லப்பட வேண்டியது அதுதான். அதற்கு முன், வாகனத்தில் ஆசை வைப்பதை மார்க்கம் எப்படிப் பார்க்கிறது என்பதைச் சுருக்கமாகக் கவனிப்போம்.

குதிரைக்குச் சொன்னது காருக்கும்

அல்லாஹுதஆலா சூறா அந்நஹ்லின் 8ஆவது ஆயத்தில் குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் கழுதைகளையும் நாம் ஏறிச் செல்வதற்காகவும் அலங்காரமாகவும் படைத்ததாகச் சொல்கிறான். நாம் அறியாதவற்றையும் படைப்பதாக அதே ஆயத்தில் சொல்கிறான். அதற்கு இரண்டு ஆயத்துகளுக்கு முன்னால், கால்நடைகளைக் காலையில் ஓட்டிச் செல்லும்போதும் மாலையில் திருப்பிக் கொண்டுவரும்போதும் அவற்றில் நமக்கு ஓர் அழகு இருக்கிறது என்கிறான். ஆகவே வாகனத்தின் பயனோடு அதன் அழகையும் கண்டு மகிழ்வது குற்றமான காரியமல்ல. அந்த அழகே அவன் நமக்கு நினைவூட்டும் நிஃமத்துகளில் ஒன்று.

குதிரை வைத்திருப்போர் மூன்று வகையினர் என்று றஸூலுல்லாஹி (ஸல்) அவர்கள் விளக்கிய ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. ஒருவருக்கு அது நன்மையைத் தேடித் தரும். இன்னொருவருக்கு அது ஒரு திரையாக அமையும். பிறரிடம் கையேந்தாமல் வாழ்வதற்காக அதை வைத்திருப்பார், அதிலுள்ள அல்லாஹ்வின் உரிமையையும் மறக்கமாட்டார். மூன்றாமவருக்கு அது பாவச் சுமை. பெருமைக்காகவும் பிறருக்குக் காட்டுவதற்காகவும் அதை வைத்திருப்பார். அப்போது கழுதைகளைப் பற்றியும் கேட்கப்பட்டது. அதற்கென்று தனியாக எதுவும் தமக்கு அருளப்படவில்லை என்று சொன்ன நபியவர்கள், அணுவளவு நன்மையும் அணுவளவு தீமையும் கணக்கில் வரும் என்ற அந்த முழுமையான ஆயத்தைச் சுட்டிக்காட்டினார்கள்.

காருக்கும் அதுவே போதுமான பதில். ஒரே கார் ஒரு வீட்டில் நன்மையாகவும் அடுத்த வீட்டில் சுமையாகவும் இருக்கலாம். அதைத் தீர்மானிப்பது அது எப்படிக் கைக்கு வந்தது, எப்படிப் பாவிக்கப்படுகிறது என்பதுதான்.

பழைய கார்கள் நம் நாட்டில் ஏன் தங்கின?

1960களின் தொடக்கத்திலிருந்து நம் நாட்டில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் கடுமையாக இருந்தன. 1977இல் திறந்த பொருளாதாரம் வரும்வரை புதிய கார் வாங்குவது பெரும்பாலானோருக்குக் கனவாகவே இருந்தது. இருக்கின்ற காரையே திருத்தித் திருத்தி ஓட வேண்டும். அந்த நிர்ப்பந்தத்தில் ஊருக்கு ஊர் கெட்டிக்கார பாஸ்மார் உருவானார்கள். கிடைக்காத சாமானைத் தாங்களே கடைந்து போட்டார்கள்.

அதன் பலன் பின்னர் தெரிந்தது. 1990களில் மொரிஸ் மைனருக்கான தகட்டுப் பாகங்கள் இலங்கையிலேயே செய்யப்பட்டு, அந்தக் கார் பிறந்த இங்கிலாந்துக்கே அனுப்பப்பட்டன. 2020இல் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025இல்தான் வழி திறந்தது. அந்த இடைக்காலத்தில் பழைய கார் வைத்திருந்தவர்களைக் கேலி செய்தவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள்.

எங்கள் வீட்டில் இருப்பதும் மொரிஸ் மைனர்தான். 1959ஆம் ஆண்டு மொடல், 948 சிசி என்ஜின். வாப்பா அதை 1974இல் இன்னொருவரிடமிருந்து வாங்கினார்கள். இந்த வகைக் கார் முதன்முதலில் 1948இல் லண்டன் கண்காட்சியில் வைக்கப்பட்டது. அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் இன்று துருக்கியிலுள்ள இஸ்மிர் நகரில் 1906இல் பிறந்தவர். இது நீரில் உடைத்து ஊற்றி அவித்த முட்டை போல இருக்கிறதென்று கம்பனித் தலைவர் நபீல்ட் பிரபு கேலி செய்தாராம். ஆனால் பத்து இலட்சம் எண்ணிக்கையைத் தாண்டிய முதல் பிரித்தானியக் கார் அதுதான்.

தையல் தெரிந்த சகோதரிகளுக்கு ஒரு செய்தி. முதல் மாதிரியைச் செய்து பார்த்தபோது கார் ஒடுக்கமாக இருப்பதாக இசிகோனிஸுக்குத் தோன்றியது. நீளவாக்கில் நடுவே வெட்டி, இரு பாதிகளையும் விலக்கிப் பார்த்து, 4 அங்குலம் அகலமாக்கினார். இறுக்கமான சட்டைக்கு நடுவில் துண்டு வைத்துத் தைப்பதைப் போன்ற வேலை. போனட்டின் நடுவே மேலிருந்து கீழாக ஓடும் அந்தப் பட்டி இன்றும் அதற்குச் சாட்சி.

முதலில் பங்கு

இனி அந்த மூன்றாவது கேள்விக்கு வருவோம்.

ஆண்களுக்கும் பெண்களுக்கும் பெற்றோர் விட்டுச் சென்றதில் பங்குண்டு என்று சொல்லும் சூறா அந்நிஸாவின் 7ஆவது ஆயத், அது குறைவாக இருந்தாலும் அதிகமாக இருந்தாலும் என்று சேர்த்துச் சொல்கிறது. காணிக்குப் பங்கு உண்டு, காருக்கு இல்லை என்று பிரிப்பதற்கு இடமே இல்லை. மரண சாசனம் இன்றி மரணிக்கும் முஸ்லிம்களின் சொத்து மார்க்கச் சட்டப்படியே பங்கிடப்பட வேண்டும் என்று நம் நாட்டின் 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் கூறுகிறது.

மௌத்தானவருடைய சொத்திலிருந்து முதலில் ஜனாஸாச் செலவு. அடுத்தது கடன்கள். மனைவிக்குக் கொடுக்கப்படாமல் பாக்கியுள்ள மஹரும் கடன்தான் என்பதைச் சகோதரிகள் மறந்துவிட வேண்டாம். அதன் பிறகு, மூன்றில் ஒன்றுக்கு மேற்படாத வஸிய்யத். எஞ்சியது வாரிசுகளுக்கு.

“இந்தக் கார் மூத்தவனுக்குத்தான் என்று வாப்பா வாயால் சொன்னார்கள்” என்று சில வீடுகளில் ஒரு பேச்சு எழும். தாம் மௌத்தான பின் அவருக்குச் சேர வேண்டும் என்ற கருத்தில் சொல்லியிருந்தால் அது வாரிசுக்குச் செய்த வஸிய்யத். மற்ற வாரிசுகள் மனம் ஒப்பினாலன்றி அது நிறைவேறாது. உயிரோடிருக்கும்போதே அன்பளிப்பாகக் கொடுத்து, மகனும் அதைக் கைப்பற்றியிருந்தால் அது வேறு விடயம். அப்படிக் கொடுக்கும்போதும் பிள்ளைகளிடையே நீதம் பேண வேண்டும். ஒரு மகனுக்கு மட்டும் கொடுத்த அன்பளிப்புக்குச் சாட்சியாக இருக்க நபி (ஸல்) அவர்கள் மறுத்த சம்பவத்தை நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் ஹதீஸில் காண்கிறோம்.

கணக்கு விளங்குவதற்காக எங்கள் வீட்டு விடயத்தையே சொல்கிறேன். வாப்பா 2011இல் மௌத்தானார்கள். உம்மா, ஆண் மக்கள் இருவர், பெண் மக்கள் மூவர் வாரிசுகள். பிள்ளைகள் இருப்பதால் உம்மாவுக்கு எட்டில் ஒன்று. எஞ்சிய எட்டில் ஏழு, ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்ற விகிதத்தில் ஏழாகப் பிரியும். ஆகவே உம்மாவுக்கு ஒரு பங்கு, ஆண் மக்களுக்கு இரண்டிரண்டு, பெண் மக்களுக்கு ஒவ்வொன்று, மொத்தம் எட்டு.

காரை விற்க எவருக்கும் மனமில்லை. நான் வைத்துக்கொள்வதாகச் சொன்னேன். கார் விற்று வாங்குகின்ற, எங்களுக்கு உறவில்லாத ஒருவரைக் கொண்டு மதிப்பிட்டோம். 4 இலட்சம் ரூபா என்றார். அதன்படி உம்மாவுக்கு 50,000. மூன்று சகோதரிகளுக்கும் தலா 50,000. தம்பிக்கு ஓர் இலட்சம். என் பங்கு ஓர் இலட்சம். நான் கொடுக்க வேண்டியது 3 இலட்சம். என்னுடைய மோட்டார் சைக்கிளை ஓர் இலட்சத்துக்கு விற்று உம்மாவுக்கும் கடைசித் தங்கச்சிக்கும் கொடுத்தேன். மீதி 2 இலட்சத்தை மாதம் 10,000 வீதம் 20 மாதங்களில் கொடுத்து முடிப்பதாக மற்ற மூவரோடும் எழுதிக்கொண்டோம்.

தங்கச்சியிடம் காசைக் கொண்டுபோனபோது, “வாணாம் நானா, வாப்பாட கார்தானே, நீங்களே வெச்சிக்கோங்க” என்றார். “முதலில் எண்ணிப் பார்த்துக் கையில் வாங்குங்க. பிறகு விருப்பமென்றால் திருப்பித் தாங்க” என்றேன். வாங்கினார். அவர் திருப்பித் தரவில்லை. அடுத்த வாரமே பாவித்த ஓவர்லொக் மெஷின் ஒன்றை வாங்கிப் பாடசாலைச் சீருடை தைக்கத் தொடங்கிவிட்டார். இன்றும் அவருடைய வீட்டில் அந்த மெஷின் ஓடுகிறது.

இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. “எனக்கு வேண்டாம்” என்று நம் சகோதரிகள் சொல்லும் சொல்லில் எத்தனை பங்கு விருப்பம், எத்தனை பங்கு வெட்கம் என்று யார் அறிவார்? நாளைக்கு நானாவின் வீட்டுப் படியேற முடியாமல் போய்விடுமோ என்ற பயத்தில் எத்தனை பேர் தலையாட்டுகிறார்கள்? ஒருவருடைய வெட்கத்தைப் பயன்படுத்தி அவருடைய பொருளை எடுப்பது பறித்தெடுப்பதைப் போன்றது என்று நமது ஷாபிஈ உலமாக்கள் எச்சரித்திருக்கிறார்கள். பங்கு எவ்வளவென்று தெரிந்து, அது கைக்கு வந்த பின் ஒரு சகோதரி மனமுவந்து கொடுத்தால் அது அழகிய அன்பளிப்பு. தொகையே தெரியாதவரிடம் “விட்டுவிட்டேன்” என்று ஒரு வார்த்தையை வாங்குவது அப்படியல்ல.

வாரிசுகளில் வயது வராத அநாதைகள் இருந்தால் இந்த விட்டுக்கொடுப்புக்கும் வழியில்லை. அவர்களுடைய பங்கை உம்மாவோ சிறிய தந்தையோ விட்டுக்கொடுக்க முடியாது. அநாதைகளின் சொத்தை அநியாயமாக உண்போர் தங்கள் வயிறுகளில் நெருப்பையே உண்கிறார்கள் என்ற அந்நிஸாவின் 10ஆவது ஆயத்தின் எச்சரிக்கையை அந்தக் காரில் ஏறும் ஒவ்வொரு தடவையும் நினைக்க வேண்டும்.

கிறீஸ் துப்பாக்கியும் ஒரு கொப்பியும்

பங்கு தீர்ந்தது, கார் இப்போது உங்கள் கணவருடையது என்று வைத்துக்கொள்வோம். அதைப் பராமரிப்பது எப்படி?

எங்கள் வாப்பா ஒரு கொப்பி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு 1000 மைலுக்கும் கிறீஸ் அடித்த திகதி, ஒயில் மாற்றிய திகதி, வாங்கிய சாமான், கொடுத்த விலை எல்லாம் அதில் இருக்கும். ஒரு பழைய காரோடு கிடைக்கக்கூடிய மிகப் பெரிய சொத்து அப்படியான ஒரு கொப்பிதான். இல்லையென்றால் இன்றே ஒன்றைத் தொடங்குங்கள். நல்ல கையெழுத்துள்ள மகளிடம் அந்தப் பொறுப்பைக் கொடுக்கலாம்.

மொரிஸ் மைனரின் முன் சக்கரங்கள் திரும்புவதற்கு மேலும் கீழுமாக மரையுள்ள மூட்டுகள் இருக்கின்றன. அவற்றுக்குச் சரியாகக் கிறீஸ் அடிக்காவிட்டால் கீழ் மூட்டின் மரை தேய்ந்து, ஒரு நாள் மூட்டுக் கழன்று சக்கரம் அப்படியே மடிந்து விழும். ஓடும்போது நடந்தால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சில நூறு ரூபாக் கிறீஸும் அரை மணி நேரமும் அதைத் தடுத்துவிடும். ஜக் வைத்து முன்பக்கத்தை உயர்த்திச் சக்கரத்தின் பாரத்தை எடுத்துவிட்டு அடித்தால்தான் கிறீஸ் உள்ளே நன்றாகப் போகும். வெறும் ஜக்கை நம்பி எவரும் காருக்குக் கீழே போகக் கூடாது. பலமான தாங்கி ஒன்றை அடியில் வைத்த பின்பே போக வேண்டும்.

பிரேக் விடயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். இந்தக் காரின் நான்கு சக்கரங்களிலும் பழைய ட்ரம் பிரேக்தான். பிரேக் எண்ணெய் ஊற்றும் இடம் சாரதியின் காலடியில், விரிப்புக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாததால் பலர் அதைப் பார்ப்பதேயில்லை. மாதம் ஒரு முறை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள்.

பற்றரி பூட்டும்போது கவனம். இன்றைய கார்களில் பற்றரியின் எதிர் முனைதான் பொடியோடு இணைந்திருக்கும். மொரிஸ் மைனரில் நேர் முனை. பழைய காரைத் தெரியாத ஒருவர் மாற்றிப் பூட்டிவிட்டால் வேறு பழுதுகள் வந்து சேரும்.

இந்த என்ஜின்கள் ஈயம் கலந்த பெற்றோலுக்கென்று செய்யப்பட்டவை. அந்தப் பெற்றோல் இலங்கையில் 2002இல் நிறுத்தப்பட்டது. என்ஜின் ஹெட்டைக் கழற்ற நேர்ந்தால் வால்வுகள் அமரும் இடத்தில் கடினமான வளையம் போட்டுக்கொள்வது நல்லது. பெற்றோல் ஓடும் இறப்பர் குழாய் வெடித்திருந்தால் உடனே மாற்றுங்கள். சிறிய தீயணைப்புக் கருவி ஒன்றும் காரில் இருக்கட்டும்.

காரின் பெரிய எதிரி துரு. இதற்குத் தனியான சட்டகம் கிடையாது. தகட்டுப் பொடியே முழுப் பாரத்தையும் தாங்குகிறது. கதவுக்குக் கீழுள்ள பெட்டிப் பகுதியும் பின் வில்லுகள் பூட்டும் இடமும் அரித்தால் கார் உள்ளுக்குள் செத்துவிடும். மேலே பூசிய பெயின்ட் மட்டும் பளபளக்கும். காலி, அம்பாந்தோட்டை, மன்னார் போன்ற கடலோர ஊர்களில் உள்ளவர்கள் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் அடிக்கடி கழுவ வேண்டும். மலைநாட்டு ஈரத்தில் பொலித்தீன் போர்வை கூடாது. காற்றுப் போகும் துணிப் போர்வையே நல்லது.

நிறுத்தி வைத்து ஸ்டார்ட் செய்து அணைப்பதால் மட்டும் பயனில்லை. என்ஜின் சூடேறாவிட்டால் புகைக்குழாயில் ஈரம் தங்கித் துருவாகும். வாரத்துக்கொரு முறையாவது சில மைல்கள் ஓட வேண்டும். 2022இல் பெற்றோல் வரிசையில் மக்கள் நாட்கணக்கில் காத்திருந்த காலத்தில் எங்கள் கார் பல மாதங்கள் நின்றது. மீண்டும் எடுத்தபோது பிரேக் இறுகி, காபரேட்டர் அடைத்து, பாஸுக்கு இரண்டு நாள் வேலை வைத்தது.

சாமான்களைக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடலாம். பழைய சாமானைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குவதே புத்தி. 803, 948, 1098 என்று இந்தக் காருக்கு வெவ்வேறு என்ஜின்கள் வந்திருப்பதால் “மொரிஸ் மைனர் சாமான்” என்று பொதுவாகக் கேட்டால் பொருந்தாத ஒன்றோடு வீடு திரும்ப நேரும்.

செலவுக்கு எல்லை எது?

இது இஸ்ராஃபா என்று கேட்கும் சகோதரிக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. பிரேக்குக்கும் டயருக்கும் கிறீஸுக்கும் செய்யும் செலவு உயிரைப் பாதுகாக்கும் செலவு. ஓடுகின்ற நிலையில் பொருளைப் பேணுவதும் நல்லதே. தம்முடைய செருப்பைத் தாமே தைத்து, ஆடையைத் தாமே ஒட்டுப்போட்டுக்கொண்ட நபியின் உம்மத் நாம். பழுதானதைத் திருத்திப் பாவிப்பதில் எமக்கு வெட்கமில்லை.

ஆனால் பிள்ளையின் டியூஷன் காசு பாக்கியிருக்க, குரோம் பூசிய பம்பர் வருமானால் அங்கே எல்லை மீறப்படுகிறது. அல்லாஹ்வின் பாதையிலும், அடிமையை விடுவிக்கவும், ஏழைக்கும், குடும்பத்துக்கும் செலவிடும் தீனார்களில் குடும்பத்துக்குச் செலவிடுவதே கூலியால் பெரியது என்ற கருத்துள்ள ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது. ஆகவே வீட்டுச் செலவு, கடன், பெற்றோரின் மருந்து ஆகியவற்றுக்குப் பிறகு எஞ்சுவதிலிருந்துதான் கார். எங்கள் வீட்டில் இதற்கென்று ஒரு டின் இருக்கிறது. மாதம் ஒரு தொகை அதில் விழும். டின்னில் காசில்லாவிட்டால் கார் காத்திருக்கும். கடன்பட்டுப் பெயின்ட் அடிப்பதில்லை. வட்டிக்கு எடுப்பதைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

ஸகாத்தைப் பொறுத்தவரை, சொந்தப் பாவனைக்குரிய காருக்கு அதன் விலை எவ்வளவு ஏறினாலும் ஸகாத் இல்லை. முஸ்லிமுடைய குதிரையில் ஸகாத் இல்லை என்ற ஹதீஸ் இதற்கு ஆதாரம். வாரிசாகக் கிடைத்ததைப் பிறகு விற்கலாம் என்று எண்ணுவதால் மட்டும் அது வியாபாரப் பொருளாகிவிடாது என்பதே நமது மத்ஹபின் நிலைப்பாடு. விற்று வந்த பணம் நிஸாபை அடைந்து ஒரு வருடம் கையிலிருந்தால் அதற்கு ஸகாத் உண்டு. பழைய கார்களை வாங்கி விற்பதையே தொழிலாகச் செய்பவருக்கு இருப்பின் பெறுமதியில் 2.5 சதவீதம்.

சிலர் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக் காராக வாடகைக்குக் கொடுத்துப் பராமரிப்புச் செலவைத் தேடிக்கொள்கிறார்கள். ஹலாலான வருமானம்தான். காப்புறுதி அதற்கு இடமளிக்கிறதா என்பதை முன்னரே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது விளையாட்டு

பயனற்ற பொழுதுபோக்குகளில் சேராத மூன்றை நபி (ஸல்) அவர்கள் எடுத்துச் சொன்னார்கள். அம்பெய்யப் பழகுவது ஒன்று. குதிரையைப் பழக்குவது மற்றது. மனைவியோடு விளையாடி மகிழ்வது மூன்றாவது. திர்மிதி, அபூதாவூத் போன்ற கிரந்தங்களில் இது பதிவாகியிருக்கிறது. குதிரையும் மனைவியும் ஒரே ஹதீஸில் வருகிறார்கள் என்பதை கார் வைத்திருக்கும் சகோதரர்கள் கவனிக்க வேண்டும். இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு மூன்றாவதை மறந்தால் கணக்குச் சரிவராது!

ஆகவே சகோதரிகளே, அந்தக் காரைச் சக்களத்தியாக எண்ண வேண்டாம். நீங்களும் அதில் ஏறுங்கள். எங்கள் ஊர் மாவனெல்லைப் பக்கம். சில ஞாயிறுகளில் சுபஹுத் தொழுகைக்குப் பின், வெயில் ஏறுமுன் கடுகண்ணாவை ஏறிக் கண்டி வரை போய் வருவோம். உம்மா முன் ஆசனத்தில், பிள்ளைகள் பின்னால். பழைய காரில் ஆசனப் பட்டி இருக்கவில்லை; பிறகு பூட்டிக்கொண்டோம். ஏற்றத்தில் இரண்டாம் கியரில் மெதுவாகத்தான் ஏறும். பின்னால் வருபவர்களுக்கு ஒதுங்கி வழிவிடுவோம். ரேடியேட்டர் சூடாகிவிட்டால் ஓரிடத்தில் நிறுத்தி, பிளாஸ்கிலுள்ள தேத்தண்ணீர் முடியும்வரை காத்திருக்கலாம். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது என்பதைச் சின்னவர்களும் அறிவார்கள். முதலாம் கியரைக் கார் நின்ற பிறகுதான் போட வேண்டும். ஓட்டத்தில் போட்டால் பற்கள் உரசிக் கத்தும். அவசரக்காரனுக்குப் பொறுமையைப் பழக்கும் வாகனம் இது.

என் மகளுக்கு இப்போது ஸ்பானர் அளவுகள் எல்லாம் தெரியும். பிளக்கைக் கழற்றித் துடைத்து மீண்டும் பூட்டுவாள். பெண் பிள்ளைக்கு இது எதற்கென்று ஒரு மாமி கேட்டார். வழியில் கார் நின்றால் யாரோ ஒருவரை எதிர்பார்த்து நிற்காமல் தன் காரியத்தைத் தானே பார்க்கத் தெரிந்திருப்பது பெண் பிள்ளைக்கும் நல்லதுதானே!

கொப்பியோடு இதையும் எழுதி வையுங்கள்

கடைசியாகச் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் இப்படியொரு கார் இருந்தால் அதன் பதிவுப் புத்தகம் யாருடைய பெயரில் இருக்கிறதென்று கேட்டுப் பாருங்கள். வாப்பாவோ அப்பாவோ மௌத்தாகிப் பல வருடங்களாகியும் அவருடைய பெயரிலேயே ஓடும் கார்கள் இருக்கின்றன. விற்கவும் முடியாமல், விபத்து நடந்தால் பதில் சொல்லவும் முடியாமல் பின்னால் வருவோர் சிக்கலில் மாட்டுவார்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் கேட்கும் ஆவணங்களைக் கொடுத்துப் பெயரை மாற்றுங்கள். பங்கு கொடுத்த விபரத்தை எல்லோரும் கையொப்பமிட்ட கடதாசியில் எழுதி, அந்தப் புத்தகத்தோடு வையுங்கள். இதுவரை பங்கு கொடுக்கப்படவில்லையென்றால் இன்று கொடுக்கலாம். உரியவர் மௌத்தாகியிருந்தால் அவருடைய வாரிசுகளுக்குக் கொடுக்கலாம். காலம் கடந்ததால் உரிமை அழிந்துவிடாது.

வாகனத்தில் ஏறும்போது நாம் ஓதும் துஆவின் கருத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். எம்மால் வசப்படுத்த இயலாத ஒன்றை எமக்கு வசப்படுத்தித் தந்தவனைத் துதித்துத் தொடங்கி, நாம் அவனிடமே திரும்பிச் செல்பவர்கள் என்று முடிகிறது. சூறா அஸ்ஸுக்ருஃபில் வருவது அது. நம்மைவிட நீண்ட ஆயுள் அந்தக் காருக்கு இருக்கலாம். வாப்பாவுக்குப் பிறகு என் கைக்கு வந்தது. எனக்குப் பிறகு என் மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் அதில் பங்கு வரும். அப்போது அவர்கள் பங்கிடுவதற்குத் துருப்பிடிக்காத ஒரு காரும், எவருடைய ஹக்கும் கலக்காத ஒரு பதிவுப் புத்தகமும் இருக்க வேண்டும் என்பதே எனது ஆசை.

நமது சொத்துகளிலும் நமது பொழுதுபோக்குகளிலும் அல்லாஹ் பரகத் செய்வானாக! ஆமீன்.